டர்பன் மேடை, லெனேசியா மேடை: பிடித்த கச்சேரிகளும் அவை அப்படி அமைந்த காரணமும்

கேதாரம் (டர்பன்)

வணக்கம். நேரிலும் ஒலிப்பதிவிலும் கேட்டதில் மனத்தில் நின்ற கச்சேரிகளைப் பற்றி இங்கே பேசலாம். பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாமல், அந்தக் கச்சேரி ஏன் அப்படி அமைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் அதே வித்வான் கடலோர டர்பனில் ஒரு மாதிரியும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் வேறு மாதிரியும் ஒலிக்கிறார். பாடுபவர் மாறவில்லை. காற்று, வாத்தியத் தோல், மண்டபம், மைக் மாறியிருக்கின்றன. கோவில் கமிட்டியிலும் தமிழ்ச் சங்கத்திலும் கச்சேரி ஏற்பாடு செய்பவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குப் பயன்படும்படி அளவோடு எழுதினால் நல்லது.

நான் முதலில் வைப்பது 1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. பேச்சுக்காகக் கட்டிய அரங்கம், கர்நாடக இசையை அறியாத சபை. அங்கேயும் சுருதி ஒரு மயிரிழை அசையவில்லை. உடன்பாடிய ராதா விஸ்வநாதனின் குரல் எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று கவனியுங்கள். கார்வைகளில் (நீண்டு நிற்கும் ஸ்வரங்களில்) இரண்டு குரலும் ஒரே தந்தி போல ஒலிக்கும்.

வலந்தலை (சாட்ஸ்வர்த்)

கேதாரம் அண்ணா, நல்ல இழை. மிருதங்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே முதலில் கெடுவது அதுதான்.

நம் ஊரில் தைப்பூசம் உச்சக் கோடையில் வருகிறது. மார்கழி சீசனை முடித்துக்கொண்டு சென்னையிலிருந்து வரும் கலைஞர்கள் டர்பனின் மழை ஈரத்தில் வந்து இறங்குகிறார்கள். ஈரக் காற்றில் தோல் நீர் உறிஞ்சித் தளரும். சுருதி இறங்கும், சாப்பு என்ற அடி மழுங்கும், மீட்டு என்ற அடியின் நாதம் நீளாது. ஆடி மாதம் லெனேசியாவில் நேர் எதிர். குளிர்காலப் பகலில் காற்று வறண்டுபோய்த் தோல் இறுகும், சுருதி ஏறும், கரணையில் (வலது தோலின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சில்) வெடிப்பு விழும்.

செய்ய வேண்டியது இதுதான். மிருதங்கத்தைப் பின்னறையில் வைத்துச் சுருதி சேர்க்கக் கூடாது. மேடையில், கச்சேரிக்கு ஓடப்போகும் ஏசி ஓடிக்கொண்டிருக்க, விளக்குகள் எரிய, குறைந்தது ஒரு மணி நேரம் உறை கழற்றி வைத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் கல்லையும் புள் என்ற மரத்துண்டையும் கையில் எடுக்கலாம். மூட்டின் (தோலின் பின்னல் விளிம்பின்) மேல் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். மூட்டைச் சுற்றியுள்ள பதினாறு கண்ணும் ஒரே நாதம் பேச வேண்டும். ஒரு கண்ணில் குறைகிறது என்று அதை மட்டும் ஓங்கி அடித்தால் எதிர்க்கண் இறங்கிவிடும். ஒரு கண்ணைத் தட்டியதும் எதிர்க்கண்ணைச் சோதித்துக்கொண்டே சுற்றி வர வேண்டும்.

ஏசியைக் கச்சேரி தொடங்கும் நேரத்தில் போடுவதுதான் நம் மண்டபங்களில் நடக்கும் பெரிய தவறு. வர்ணம் பாடும்போது சேர்ந்திருந்த வலந்தலை (வலது பக்கத் தோல்), மூன்றாவது உருப்படிக்குள் ஏறிவிடும், ஏனென்றால் ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு மிருதங்கத்தின் சுருதியை ஏறக்குறைய ஒரு கட்டை (சுருதியை அளக்கும் அலகு), மிஞ்சினால் ஒன்றரைக் கட்டை அளவுக்குத்தான் நகர்த்த முடியும். ஆண் குரல் ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண் குரல் நாலரை முதல் ஆறு கட்டை. முதல் நாள் பாடகர், மறுநாள் பாடகி என்று நிகழ்ச்சி வைத்தால் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒன்று, ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒன்று என இரண்டு மிருதங்கம் வேண்டும். விமான டிக்கெட் போடும்போதே அந்தப் பெட்டிக்கான எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மிருதங்கத்தை இழுத்துப் பிடித்து ஆறு கட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னால் வார் அறுந்துவிடும், அல்லது தோல் கிழியும்.

ஆச்சாமரம் (டோங்காட்)

நாதஸ்வரம் பக்கம் நான் எழுதுகிறேன்.

நேரில் கேட்க வாய்ப்பில்லாத தலைமுறை நாம், ஆனாலும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை முதலில் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் 1898 முதல் 1956 வரை வாழ்ந்தவர். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் வாசித்த ராகத்தை அதற்குள் அடைத்திருக்கிறார். திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்தை விட்டுப் பாரி என்ற நீள வகையைப் பிடித்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. நீளம் கூடிய கருவி, சுருதி தாழ்ந்தது, இரண்டு இரண்டரைக் கட்டையில் நிற்கும். கமகத்துக்கு இடம் கிடைத்தது அதனால்தான். திமிரியின் கூர்மை வீதியில் தூரத்துக்கு எட்டும், ஆனால் மண்டபத்துக்குள் காதைக் குத்தும். நம் கோவில்களில் தகரக் கூரை மண்டபத்துக்குள் திமிரி வைத்து வாசிக்கச் சொல்லும் கமிட்டிகள் இதை யோசிக்க வேண்டும்.

இனி சீவாளி, அதாவது ஊதும் முனையில் செருகும் நாணல் துண்டு. திருவாவடுதுறையில் நாணலில் செய்வது பெயர் பெற்றது. ஒரு வித்வான் குறைந்தது ஐந்தாறு சீவாளி கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சென்னையில் பேசிய சீவாளி இங்கே பேசாமல் போகலாம். ஈரத்தில் நாணல் ஊறிப் பருத்து வாய் மூடிக்கொள்ளும். ஊதினால் நாதம் அடைபடும், மேல் ஸ்தாயி வராது. வறட்சியில் வாய் விரியும். மூச்சு அதிகம் செலவாகும், நாதம் கரகரக்கும், ஓரம் பிளந்தே போகலாம். லெனேசியாவில் வாசிப்பவர்கள் மூடியுள்ள சிறு டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணித் துண்டோடு சீவாளியை வைக்கிறார்கள். துணி சொட்டக் கூடாது, சீவாளியைத் தொடவும் கூடாது. டர்பனில் அந்தத் துணியே வேண்டாம். உறையைத் திறந்து காற்றோட்டமாக வைத்தால் போதும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

உலவின் (நாதஸ்வரக் குழலின்) அடியில் விரல் படாத துளைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை மெழுகால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துத்தான் சுருதியைச் சரிப்படுத்துவார்கள். கோடை வெயிலில் காருக்குள் கருவியைப் பூட்டி வைத்தால் மெழுகு இளகி வழியும். ஊர்வலத்துக்கு முன் அதைப் பார்க்காமல் தொடங்கினால் முதலில் வாசிக்கும் மல்லாரியிலேயே தெரிந்துவிடும்.

லெனேசியா வாசகி

ஆச்சாமரம் ஐயா, இங்கே எல்லோரும் சொல்வது: ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம், காற்று மெல்லியது, அதனால்தான் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் சுருதி சேர்வதில்லை என்று. இது சரியா?

ஆச்சாமரம் (டோங்காட்)

சரியில்லை அம்மா. காற்று மெல்லியதாக இருந்தாலும் வெப்பம் ஒன்றாக இருந்தால் ஒலியின் வேகம் மாறாது. துளைக் கருவியின் சுருதியை மாற்றுவது வெப்பம். அரைக்கட்டையை நூறு பங்காகப் பிரித்தால், காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறும்போது சுருதி ஏறக்குறைய மூன்று பங்கு ஏறும். டர்பன் கோடை மாலை 28 டிகிரி, லெனேசியாவில் சூடேற்றாத குளிர்கால மண்டபம் 14 டிகிரி என்று வையுங்கள். கருவிக்குள் இருக்கும் காற்று முழுக்க அந்த அளவுக்கு வந்தால் வித்தியாசம் 42 பங்கு, அதாவது அரைக்கட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சுச் சூடு உள்ளே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனால் முதல் பத்து நிமிடம் கருவி தாழ்ந்தே இருக்கும், பிறகு ஏறும். அதனால்தான் சுருதிப் பெட்டியை ஒரு முறை வைத்துவிட்டு விடக் கூடாது. முதல் உருப்படி முடிந்ததும் நுண்சுருதித் திருகால் திரும்பச் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் மேடைக்கு வருமுன் கால் மணி நேரம் ஊதிச் சூடேற்றுவது அவசியம்.

உயரம் பாதிப்பது மூச்சை. கடற்கரையிலிருந்து வந்தவருக்கு முதல் ஓரிரு நாள் நீண்ட கார்வை பிடிப்பது கடினம். வந்திறங்கிய அன்றே கச்சேரி வைக்காதீர்கள்.

மூன்றாம் வரிசை (ஃபீனிக்ஸ்)

ஒலிபெருக்கியைப் பற்றி யாரும் தொடவில்லையே. நம் ஊரில் பாதிக் கச்சேரிகள் அங்கேதான் நாசமாகின்றன.

கோவில் மண்டபம் என்றால் ஓடு பதித்த தரை, வெறும் சுவர், உயரத்தில் கூரை. கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அடங்க இரண்டு நொடிக்கு மேல் ஆனால் மிருதங்கத்தின் சொற்கட்டு ஒன்றன்மேல் ஒன்று விழும், துரித காலத்தில் வெறும் சலசலப்புதான் கேட்கும். தரையில் கம்பளம் விரியுங்கள், பின்சுவரில் கனமான திரை தொங்கவிடுங்கள். பின்சுவர்தான் முக்கியம், மேடைக்குப் பின்னால் அலங்காரத்துக்குத் தொங்குவது அவ்வளவு உதவாது. வெற்று மண்டபத்தில் சோதனை செய்யும்போது எதிரொலி அதிகமாகத்தான் இருக்கும். ஆட்கள் நிறைந்ததும் அடங்கும், கூர்மையும் குறையும். அதை மனத்தில் வைத்துச் சோதனையில் முடிவெடுங்கள்.

குரலுக்கு டைனமிக் மைக், வாயிலிருந்து 10 முதல் 15 செண்டிமீட்டர். பாடகர் தலையை ஆட்டிப் பாடுபவரானால் நடுவில் நேராக வைக்காமல் கொஞ்சம் கீழிருந்து மேல்நோக்கி வையுங்கள். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், இரண்டு பக்கமும் தோலிலிருந்து 20 செண்டிமீட்டர் விலக்கி. வலந்தலை மைக்கை கரணைக்கு நேராக வைக்காமல் விளிம்புப் பக்கமாகச் சாய்த்து வைத்தால் மீட்டும் சாப்பும் தனித்தனியாக வரும். தொப்பிப் (இடது தோல்) பக்கம் கீழ் ஒலியைக் கூட்டுவது பெரும்பாலான ஒலியமைப்பாளர்களின் பழக்கம். பாங்ரா, சினிமாப் பாட்டு நிகழ்ச்சிகளில் அது பழகிவிட்டது. இங்கே கூட்டினால் குமுக்கி என்ற ஆழ்ந்த ஓசை மட்டும் இடித்துக்கொண்டு நிற்கும், மற்றது எல்லாம் மறைந்துவிடும்.

எதிரொலி எஃபெக்ட் வேண்டாம், முற்றிலும் வேண்டாம். மண்டபமே போதுமான எதிரொலி தருகிறது.

கலைஞர் முன்னால் வைக்கும் மானிட்டரில் தம்புராவும் குரலும் தெளிவாக, வயலின் கொஞ்சம். மிருதங்கத்தை அதில் போடாதீர்கள், வாசிப்பவர் பக்கத்திலேயே இருக்கிறார். மானிட்டரில் தம்புரா கேட்காவிட்டால் பாடகர் தன் குரலை நம்பிப் பாட வேண்டியிருக்கும், அரை மணியில் தொண்டை இறுகும். ஊளை வந்தால் முழு ஒலியையும் குறைப்பது பயன் தராது. எந்த மைக்கிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள், அந்த அலைவரிசையை மட்டும் வெட்டுங்கள்.

நீள மண்டபத்தில் பின்வரிசைக்குத் தனியாக ஒலிபெருக்கி வைத்தால் தாமதம் கொடுக்க வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி நொடி. 17 மீட்டர் பின்னால் என்றால் 50 மில்லி நொடி. கொடுக்காவிட்டால் பின்வரிசையில் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை விழும், தாளம் போடுபவர்களுக்குக் கை தடுமாறும்.

கேதாரம் (டர்பன்)

மூன்றாம் வரிசை, இது போன்ற பதிலுக்காகத்தான் இழையைத் தொடங்கினேன். நாதஸ்வரத்துக்கு மைக் எங்கே வைப்பது? அணசின் (குழலின் விரிந்த முனையின்) வாயிலேயே செருகிவிடுகிறார்களே.

மூன்றாம் வரிசை (ஃபீனிக்ஸ்)

அதைத்தான் செய்யக் கூடாது. நாதம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. வாயில் மைக் வைத்தால் சில ஸ்வரம் மட்டும் பீறிட்டு வரும், சில ஸ்வரம் காணாமல் போகும். ஒன்றரை மீட்டர் தள்ளி, உலவின் நடுவை நோக்கி ஒரு மைக் போதும். தவிலுக்கு முந்நூறு பேர் மண்டபத்தில் மைக்கே தேவையில்லை.

வலந்தலை (சாட்ஸ்வர்த்)

தவிலைப் பற்றி ஒத்துக்கொள்கிறேன். மிருதங்கத்துக்கும் சிறிய மண்டபத்தில் மைக் வேண்டாம் என்பேன். பாலக்காடு மணி ஐயர் மைக் இல்லாத கச்சேரியை வற்புறுத்தியவர். தோலின் நாதம் மைக்கில் மாறிவிடுகிறது என்பது அவருடைய குறை. நூற்றைம்பது பேர் உட்காரும் மெரிபேங்க் அளவு மண்டபத்தில் ஒரு முறையாவது எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் வரிசை (ஃபீனிக்ஸ்)

நூற்றைம்பது பேருக்குச் சரி, ஆனால் ஒரு நிபந்தனை: ஏசி இரைச்சலும் வெளியே சமையலறைச் சத்தமும் இருக்கக் கூடாது. நம் மண்டபங்களில் அன்னதானக் கூடம் ஒட்டியே இருக்கிறது, கச்சேரி நடுவில் அண்டா உருளும். அப்படி இருக்கும் இடத்தில் குரலுக்கு மட்டும் மெல்லிய உதவி கொடுத்துவிட்டு மிருதங்கத்தைச் சும்மா விடலாம். அதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

நாலு தந்தி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வயலினுக்கு இரண்டு வார்த்தை. ஈரத்தில் மரம் பருத்து பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகி அசையாது. வறட்சியில் சுருங்கித் தானாகக் கழன்று தந்தி தொய்யும். ஜோகன்னஸ்பர்க் பக்க மேட்டுநிலத்துக்குப் போகும்போது பிருடையில் கொஞ்சம் சாக்கட்டி தேய்த்துக்கொண்டால் பிடித்து நிற்கும். நாம் ஸ-ப-ஸ-ப என்று சேர்ப்பதால் மேற்கத்திய வாசிப்பைவிடத் தந்தியின் இழுவிசை மாறும். ஆறு கட்டைக்கும் ஒரு கட்டைக்கும் ஒரே தந்தித் தொகுதி பொருந்தாது, மாற்றுத் தந்தி இங்கே கடையில் கிடைக்கும் என்று நம்பி வரக் கூடாது.

எனக்குப் பிடித்தவர் லால்குடி ஜெயராமன். பக்கவாத்தியத்தில் பாடகர் விட்ட இடத்தை மட்டும் நிரப்பி, அடுத்த வரிக்கு முன் ஓசையில்லாமல் ஒதுங்கும் அந்த அளவு. ஒலியமைப்பாளர் வயலினைக் குரலுக்கு மேல் வைத்தால் அந்த ஒதுங்குதல் யாருக்கும் கேட்காது.

லெனேசியா வாசகி

மின்வெட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இல்லாத நாளிலும் இங்கே கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று போய்விடுகிறது.

மூன்றாம் வரிசை (ஃபீனிக்ஸ்)

ஜெனரேட்டரை நம்பாதீர்கள். அதன் சத்தமே ஒரு சுருதி, தம்புராவோடு சண்டை போடும். பாட்டரியும் இன்வெர்ட்டரும் போதும். கணக்கு இப்படி: சிறிய மண்டபத்துக்கு ஒலிபெருக்கி, மிக்ஸர் எல்லாம் சேர்ந்து சராசரி 200 வாட் இழுக்கும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பாட்டரி கெடும். ஆக 600. இன்வெர்ட்டர் தின்பது போக இரண்டரை மணி நேரம். முழுக் கச்சேரிக்கு இது சரியாகப் போகும், கைக்காவலாக இரண்டாவது பாட்டரி வையுங்கள். இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை வகையாக இருக்க வேண்டும். மலிவான வகையில் ஒலிபெருக்கி ‘உம்ம்’ என்று இரையும், தம்புராவின் மேல் அது நிற்கும்.

இந்தியாவிலிருந்து கொண்டுவரும் சுருதிப் பெட்டிக்கு மின்னழுத்தம் பிரச்சனை இல்லை, அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் தகராறு. அவர்களுடைய சிறிய மூன்று முனை பிளக் நம் பெரிய வட்டத் துளை சாக்கெட்டில் நிற்காது. அடாப்டர் மூன்று நான்கு மேடையிலேயே வைத்திருங்கள். கைபேசித் தம்புரா வைத்தால் விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் ஆலாபனை நடுவில் அழைப்பு மணி ஒலிபெருக்கி வழியாக வரும்.

சாமம் (வெருலம்)

நேரப் பங்கீடு பற்றி ஒன்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த அமைப்புதான் இன்றும் நடக்கிறது: வர்ணம், சின்ன உருப்படிகள், நடுவில் விரிவானது, பிறகு துக்கடா என்ற சிறு பாட்டுகள். நம் ஊரில் இரண்டரை மணி நேரம் கொடுத்துவிட்டு அதற்குள் தலைவர் உரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் திணிக்கிறார்கள். அது தின்பது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை. தனிக்குப் பதினைந்து நிமிடம் இல்லாவிட்டால் மோரா, கோர்வை என்ற முடிப்புகள் மட்டும் ஓடி முடியும். பொன்னாடையைத் தொடக்கத்திலேயே போர்த்திவிடுங்கள்.

தனி தொடங்கியதும் டீ குடிக்கக் கிளம்பும் பழக்கத்துக்குக் காரணம், என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரம், நடு, பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. கையில் அதைப் போட்டுக்கொண்டே கேளுங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும்போது முதலில் நீளமாக, பிறகு பாதியாக, அதில் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அதுதான் குறைப்பு. கடைசியில் ஒரே கோர்வை மூன்று முறை வரும், மூன்றாவது முறை முடிகிற இடம் பாட்டின் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். அந்த இடத்தைக் கையில் பிடித்துவிட்டால் அடுத்த கச்சேரியில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தமிழ்ப் பள்ளிகளில் சனிக்கிழமை வகுப்பில் அரை மணி இதற்கு ஒதுக்கலாம்.

நாலு தந்தி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எடுப்பு எப்போதும் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சாமம் அக்கா. அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு நிறைய. சமத்தில் தட்டிக் காத்திருப்பவர்களுக்குக் கோர்வை தவறி விழுந்தது போலத் தோன்றும். பாடகர் பல்லவி எடுத்த இடத்தைத் தனிக்கு முன்பே கையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேதாரம் (டர்பன்)

வலந்தலை, கடைசியாக ஒரு சந்தேகம். மாரியம்மன் கோவிலின் பழைய மிருதங்கத்தைச் சிலர் தொப்பியில் அப்பிய ரவைப் பிசைவோடேயே அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வலந்தலைக் கரணையிலும் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

வலந்தலை (சாட்ஸ்வர்த்)

ரவையை உடனே எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் கத்தியால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துக் கையால் உருட்டி எடுக்கவும், பிறகு உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடவும். டர்பன் ஈரத்தில் ரவை ஓர் இரவு இருந்தாலே புளித்து நாறும், பூச்சி வரும், தோல் அழுகும். ரவை ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாகத்தான் பிசைய வேண்டும். கையில் ஒட்டாமல், சொட்டாமல், தட்டினால் தொப்பி வலந்தலைக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும் அளவுக்கு வைத்தால் போதும். சுருதி இறங்க வேண்டுமானால் ரவையைக் கூட்டு, ஏற வேண்டுமானால் கிள்ளி எடு.

கரணை வேறு விஷயம். அது கிட்டான் கல் பொடியும் சோறும் சேர்த்து, ஒவ்வொரு மெல்லிய பூச்சாகத் தேய்த்து ஏற்றியது. பெயர்ந்த இடத்தில் பசை போட்டு ஒட்டினால் அந்த இடம் செத்த ஒலி தரும். ஓரத்தில் கடுகளவு போயிருந்தால் வாசிக்கலாம். நடுவில் போயிருந்தால் வலந்தலை முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும், அதை இங்கே வீட்டில் செய்யாதீர்கள். அடுத்து வரும் மிருதங்க வித்வானிடம் மரக்கட்டையின் வாய் அளவை முன்கூட்டியே அனுப்பி, அந்த அளவுக்கு மூட்டுப் போட்ட தோல் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள். அளவைக் குறுக்காக இரண்டு திசையிலும் எடுங்கள். பழைய கட்டைகளின் வாய் சரியான வட்டமாக இருப்பதில்லை.